கையில் வந்த மருவும், நான் நிறுத்திய மாத்திரையும்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், டாக்டர் கண் முன்னாலேயே என் அக்காவிடம் அடி வாங்கினேன்!

(எனக்கு வயது நாற்பத்து நான்கு.)

என் உடம்பில் இப்போது வேலை செய்வது அக்கா கொடுத்த கிட்னி. ஏழு வருடமாகிறது.

ராஜபாளையத்தில் லோடு வண்டி ஓட்டுகிறேன். வலது கை எப்போதும் ஜன்னல் ஓரம், வெயிலில்.

அந்தக் கையில் ஒரு மரு வந்தது. மூன்று மாதத்தில் பெரிதாகி, லேசாக ரத்தமும் கசிந்தது.

அக்கா கேட்டபோது, "ஆணி கீறிட்டுக்கா" என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் யாருக்கும் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தோல் டாக்டரிடம் காட்டினேன். மருவை முழுதாக வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வர ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில் போனைத் தேய்த்ததுதான் நான் செய்த தப்பு.

உறுப்பு மாற்றியவர்களுக்குத் தோல் கேன்சர் வரும் வாய்ப்பு அதிகம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஒரு காரணம் என்று போட்டிருந்தது.

அப்படியானால் மாத்திரைதானே எதிரி? நிறுத்திவிட்டேன். இரண்டு நாள்!

இன்று ரிசல்ட் வாங்கப் போய் டாக்டர் முன் உட்கார்ந்தால், பின்னாலேயே அக்கா உள்ளே வருகிறாள். அவள் வீடு அடுத்த தெருதான். வாசலில் என் வண்டியைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே, ஆணி கீறுனதுக்கா டாக்டர்ட்ட வந்திருக்க?"

டாக்டர் அவளையும் உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்க. கேன்சர் இல்ல. வைரஸால வந்த மருதான்."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"ஆனா செல்லு லேசா மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டிருந்தா கேன்சரா மாறவும் வாய்ப்பிருக்கு. நல்லவேளை, முழுசா எடுத்தாச்சு."

"வைரஸுனா? இவனுக்கு யார்ட்ட இருந்து ஒட்டுச்சு?" என்றாள் அக்கா.

"இந்த மாதிரி வைரஸ் நிறைய பேரு தோல்ல சும்மா கெடக்கும்மா. உடம்புல காவல் முழிச்சிருந்தா அடங்கிக் கெடக்கும். கிட்னிய உடம்பு தள்ளிரக் கூடாதுன்னு அந்தக் காவல மாத்திரை போட்டு அசர வச்சிருக்கோம். அந்த நேரம் பாத்து வைரஸ் வளரும். அதோட வெயிலும் சேந்தா, சில பேருக்குத் தோல் கேன்சர் வரைக்கும் போயிரும்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"டாக்டர்... நான் ரெண்டு நாளா மாத்திரை போடல."

முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. அக்காதான்!

டாக்டர் அவளைத் தடுக்கவும் இல்லை. (எனக்கென்னவோ அவருக்கும் கை துறுதுறுத்த மாதிரிதான் இருந்தது.)

உடனே மதுரையில் இருக்கும் என் கிட்னி டாக்டரிடம் போனில் பேசினார். அவர் சொன்னபடி அங்கேயே மாத்திரை போட்டேன், டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன்.

சாயங்காலம் வரை அக்கா வீட்டில் காத்திருந்தேன். சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடியே தேவலை என்றிருந்தது.

ஐந்து மணிக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. கிட்னிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை! அடுத்த வாரம் இன்னொரு முறை ரத்தம் பார்த்துக்கொள்ளலாமாம். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ மதுரை டாக்டர் மட்டும்தான். நான் செய்ய வேண்டியது முழுக்கைச் சட்டை, வெயிலுக்குத் தடவ கிரீம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோல் செக்கப்.

போனை வைத்த பிறகுதான் அக்கா அழுதாள்.

"சாவுக்குப் பயந்து என்ன காரியம்லே பண்ணிட்ட! எம்புட்டுப் பயமா இருந்தாலும் எங்கிட்ட வந்து பயப்படு. தனியா உக்காந்து பயப்படாத."

நானும் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லை.

என்னைப் போல மாற்று உறுப்போடு வாழும் நண்பர்களே, கை, காது, உதடு, கழுத்து எல்லாம் இன்றைக்கே ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக ஏதாவது முளைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நீங்கள் மட்டும் மனதில் வைத்துப் பயந்துகொண்டிருப்பது என்ன?