அமாவாசைக்கு வாங்க

அக்கா என்றதும் அவள் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. கல்யாண வீட்டில் யாராவது மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறதே என்றால், சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். விரலிடுக்கெல்லாம் புண். சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் எனக்கு அடுத்த தொட்டியில் நின்று பட்டு நூல் அலசியவள். அறுபதுகளின் கடைசி அது. உறவு ஒன்றுமில்லை, பட்டறைப் பெண்கள் எல்லாருக்கும் அவள் அக்கா.

பட்டறையிலிருந்து வரும் சாயத் தண்ணீர் வாய்க்கால் வழியே எங்கள் தெருக் கிணற்றோரம் வந்து தேங்கும். கிணறு கசந்துபோயிற்று. அக்காவின் சின்னப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. அடுத்த தெருக் கிணற்றில் எங்களை இறைக்க விடமாட்டார்கள். ஏன் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முதலாளியிடம் கேட்டோம். "பொழப்பப் பாருங்கம்மா" என்றார். அதன்பிறகுதான் அக்கா எங்களைச் சங்கமாகச் சேர்த்தாள். புண்ணுக்கு மருந்து, குடிக்க நல்ல தண்ணீர். வேறு என்ன கேட்டுவிட்டோம்?

நகராட்சி சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். என்றைக்கு வந்தால் எல்லாரிடமும் பேசலாம் என்று கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை.

"அமாவாசைக்கு வாங்க சார். அன்னிக்குத்தான் லீவு, எல்லாரும் வீட்ல இருப்போம்."

நாங்களும் தலையாட்டினோம். தறிக்கும் பட்டறைக்கும் மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. வேறு நாளில் தொட்டியை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும்.

சொன்னபடியே வந்தார். பட்டறையில் அடுப்பு மூட்டவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "சாயத்தையே காணோமேம்மா" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அக்கா ஜீப்புக்குப் பின்னாலேயே போனாள். "நாளைக்கு வந்து பாருங்க சார், செவப்பா ஓடிக்கினு இருக்கும்." ஜீப் நிற்கவில்லை. மறுநாள் சிவப்பாகத்தான் ஓடியது. அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அடுத்த அமாவாசைக்குள் குழந்தை போய்விட்டது.

அதன்பிறகு எங்களுக்குப் பயமில்லை. ஒரு நாள் நூலைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அத்தனை பேரும் நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தோம். அதிகாரி உடனே வந்து பார்த்தார்; வாய்க்காலில் சிவப்பு இன்னும் வடியவில்லை. வாய்க்காலை அடைக்க உத்தரவானது. இன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. நாங்கள் ஜெயித்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அன்று அக்கா வீட்டுக்குச் சேதி சொல்ல முதலில் ஓடியவள் நான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேல நாள்ல வந்தாராம்மா?" என்றாள்.

"ஆமாக்கா."

"அதான்" என்றாள்.