தண்ணீர் தெளியும் வரை

சென்ற மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். காசநோய்ப் பிரிவில் வீடு வீடாக அலையும் எங்களை அவ்வப்போது ஒரு ஹாலில் உட்காரவைத்து, தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து, அவரவர் பகுதியில் எது பலன் தந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்லவைப்பது வழக்கம். பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் காலையெல்லாம் நடந்துவிட்டுப் போயிருந்தேன், கால் வலித்தது. சுருக்கமாக முடித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் யாரும் மாத்திரையை விடுவதில்லை, இருமல் நின்று உடம்பு தேறிய பிறகுதான் விடுகிறார்கள், அந்த நேரத்தில் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். அதிகாரி ஒருவர் அதைத் திரையில் ஏற்றச் சொன்னார். திரையில் படித்தபோது மிகவும் சுலபமான காரியம்போல இருந்தது.

கூட நிற்பது என்றால் என்ன என்பதை நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே பார்த்துவிட்டேன். பார்த்தேன், அவ்வளவுதான். புரிந்தது என்று சொன்னால் பொய்.

எங்கள் வீட்டில் அப்பா பட்டு நெய்தார், சித்தப்பா நூலுக்குச் சாயம் போட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் பெரிய செப்புக் கொப்பரை, அடியில் விறகு. சித்தப்பாவின் கை என்ன நிறம் என்று யாராவது கேட்டால், இன்றைக்கு என்ன ஆர்டர் என்று அவர் திருப்பிக் கேட்பார். அம்மாவுக்கு அங்கன்வாடியில் வேலை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கையான அத்தைதான் வீட்டுக்குக் கடைக்குட்டி. அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தனக்கு என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். அதில் பாசம் பாதி, பயம் பாதி என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அந்த வருடம் கூரத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. எதிர்வீட்டுத் தரகரம்மா கொண்டுவந்த இடம். மாப்பிள்ளைக்கு மெக்கானிக் வேலை. பெண் பார்க்க வந்தவர் எல்லோர் முன்னாலும் அத்தையிடம், உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டுவிட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு "அரக்கு" என்றாள். பட்டு நெய்கிற வீட்டில் வந்து கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார் என்று வீடே அவரிடம் மயங்கிப்போனது. முகூர்த்தப் புடவைக்கு நூல் நான் தோய்க்கிறேன், அண்ணன் நெய்யட்டும் என்றார் சித்தப்பா. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலைச் சாயப் புகை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் சாயந்திரமானால் காய்ச்சல் வந்தது, சட்டை கொடியில் மாட்டியதுபோல உடம்பில் தொங்கியது. அம்மாதான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சளியைச் சோதிக்க வைத்தாள். டி.பி. என்று தெரிந்தது. ஆறு மாதம், ஒன்றுவிட்டு ஒரு நாள், கை நிறைய மாத்திரை. அதையும் இன்னொருவர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்கும் அத்தைக்கும்கூடச் சோதனை நடந்தது. நல்லவேளையாக ஒன்றும் இல்லை. அதுவரை சித்தப்பா பக்கத்தில் கிடந்த என் பாய் சமையலறையில் அத்தை பக்கத்துக்கு மாறியது.

விஷயம் வெளியே தெரிந்தால் கூரத்துச் சம்பந்தம் போய்விடும். அதனால் அம்மா மாத்திரையைத் தன் பையில் சத்துமாவு பாக்கெட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருவாள். விடிந்ததும் கொட்டகைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சித்தப்பா விழுங்கும்வரை நிற்பாள். பிறகு சமையல், பிறகு அங்கன்வாடிப் பிள்ளைகள், பிறகு மறுபடி சமையல். எந்த நேரமும் தூக்கம் போதாத முகத்தோடுதான் அம்மா எனக்கு ஞாபகம் இருக்கிறாள்.

முதல் நாள் மாத்திரை போட்டதும் சித்தப்பா கொல்லையிலிருந்து அலறிக்கொண்டு வந்தார். சிறுநீர் கனகாம்பர நிறத்தில் போயிற்றாம். அது மாத்திரையின் நிறம், முன்பே சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றாள் அம்மா. சித்தப்பா கேட்கவில்லை. அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"இத்தினி வருஷமா உள்ள போன சாயம் அண்ணி. மருந்து நல்லா அலசிக்கினு இருக்குது."

சாயம் போடுகிறவர்களுக்குக் கடைசி வேலை அலசுவதுதான். தோய்த்த நூலைத் தொட்டியில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுவார்கள். முதலில் தண்ணீர் நிறமாகவே போகும், பிறகு வெளுக்கும். ஒரு சமயம் நூலிலிருந்து ஒன்றும் கசியாமல் தண்ணீர் தெளிந்து நிற்கும். தெளிந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேலும் அலசினால் பட்டின் மினுமினுப்பு போய்விடும் என்பார் சித்தப்பா.

இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. அந்தச் சமயம் பார்த்து மாகறலில் அம்மாவின் அப்பா தவறிப்போனார். காரியம் முடியும்வரை அம்மா அங்கே தங்க வேண்டியிருந்தது. மாத்திரையைச் சித்தப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அப்போது அத்தையின் புடவைக்கு அரக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டால் கொப்பரைச் சூட்டில் குமட்டியது, சாயத்தின் நிறம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சாயம் முடியட்டும் என்று மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார். அம்மா திரும்பி வந்து பை வைப்பதற்குள் செய்தி சொன்னார்.

"தண்ணி தெளிஞ்சிடுச்சு அண்ணி. வேலை முடிஞ்சுபோச்சு. இன்னும் அலசினா நூலு வீணாப்பூடும்."

"மாத்திரை போடலைன்னா கலரு எங்கிருந்துப்பா வரும்? உடம்பும் நூலும் ஒண்ணா?" என்றாள் அம்மா. அவள் கண் அழுது வீங்கியிருந்தது. அன்று முழுவதும் பேசிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் சித்தப்பா இறங்கிவந்தார். போடுகிறேன், ஆனால் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் நானே போட்டுக்கொள்கிறேன், நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாம், போட்டேனா இல்லையா என்பதற்குச் சிறுநீரின் நிறமே சாட்சி, ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கிறேன் என்றார். நிறம் ஓர் அடையாளம் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அசதி. சரி என்றுவிட்டாள்.

அதன் பிறகு மாத்திரை நாளில் எல்லாம் கொட்டகை ஜன்னலில் பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்று இருக்கும். அம்மா அங்கன்வாடிக்குப் போகும்போது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நல்ல கனகாம்பர நிறம். ஒரு நாள்கூடத் தப்பவில்லை, ஒரு நாள்கூட நிறம் கூடவோ குறையவோ இல்லை. தறியில் அரக்குப் பாவு ஏறியது. அத்தை சும்மா சும்மா தறிப் பக்கம் போய் நூலைத் தொட்டுவிட்டு வந்தாள்.

திடீரென்று இருமல் திரும்பியது. பாட்டில் மட்டும் கனகாம்பரமாகவே இருந்தது. அன்று அம்மா அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூடி சரியாக மூடாமல் கொஞ்சம் விரலில் வழிந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நிறம் போகவே இல்லை. எந்த நிறத்தைக் காட்டினாலும் அப்படியே கொண்டுவந்துவிடுவார் என்று காஞ்சிபுரம் முழுவதும் பெயர் வாங்கிய மனிதர், ஒரு சிட்டிகைச் சாயத்தில் அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி வைத்துக்கொண்டாயா, எனக்கும் வை என்று நான் கேட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி சளிச் சோதனை. மருந்து முதலிலிருந்து தொடங்கியது, இந்த முறை ஊசியும் சேர்ந்தது. இன்னொரு முறை விட்டால் எந்த மருந்தும் கேட்காது, ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். புது மாத்திரையை அம்மா சத்துமாவுக்கு அடியில் ஒளிக்கவில்லை.

மறுநாள் காலை, தெருவே வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம். அம்மா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் சொம்புமாக நடுத்தெருவில் போய் நின்றாள்.

"தம்பி, வெளிய வாப்பா. டி.பி. மாத்திரை போடணும்."

உள்ளே அப்பாவின் தறிச் சத்தம் நின்றது. எதிர்வீட்டில் தரகரம்மா கோலமாவோடு நிமிர்ந்தார். ஒளித்து வைத்தால் சித்தப்பா பிழைக்கமாட்டார் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். ஆனால் அவரும் வெளியே வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. அம்மா இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். எனக்கு ஒரே குஷி. எங்கள் வீட்டு வாசலில் இத்தனை பேர் கூடி நான் பார்த்ததில்லை.

அப்போது அத்தை வந்தாள். பாதி பின்னிய சடையோடு, சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை. தரகரம்மாவின் கண் முன்னால் அத்தை அவரைத் தெருவில் நிறுத்தினாள்.

"சொம்ப என் கையில குடுங்க அண்ணி. நீங்களே எவ்ளோ நாள்தான் நிப்பீங்க?"

பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "போட்டுக்கோண்ணா. புடவை எங்க ஓடிப்பூடுது?" என்றாள்.

சித்தப்பா அழுதுகொண்டே விழுங்கினார். "எவ்ளோ நாளாம்மா இது?" என்று தரகரம்மா கேட்டார். அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மருந்தை ஒழுங்காகப் போட்டால் குணமாகிவிடும், மற்றவர்களுக்கும் ஒட்டாது என்றாள். தரகரம்மா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து சித்தப்பாவைக் கண்டால் தெருவில் எல்லோரும், மாத்திரை போட்டாயா என்று கேட்கத் தொடங்கினார்கள். சிலர் அக்கறையாகக் கேட்டார்கள், சிலர் தள்ளி நின்று கேட்டார்கள். எப்படியோ, அவரால் ஏமாற்ற முடியவில்லை. இன்றும் அவர் அதே கொட்டகையில் சாயம் போடுகிறார்.

கூரத்துக்காரர்கள் வரவில்லை. அரக்குப் புடவை தறியிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போனது. அவர்கள் எப்போது வருவார்கள் என்று அத்தையைக் கேட்டேன். "பெரிய மனுசி, போய் சொம்பு கழுவி வை போ" என்றாள்.

மருந்து முடியும்வரை மாத்திரை நாளில் எல்லாம் அத்தைதான் சொம்போடு வாசலில் நின்றாள். சித்தப்பா விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். அத்தை அதைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவர் உள்ளே போன பிறகும் அவள் போகமாட்டாள், கூரம் பஸ் திரும்புகிற தெருமுனையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பால்காரருக்காக நிற்கிறாள் என்று நினைத்து, பால் வந்துவிட்டது அத்தை, உள்ளே வா என்று நான் அவள் கையைப் பிடித்து இழுப்பேன்.