கடவுளிடம் ஒப்படைப்பவர்

நினைவுப் பரிசு கொடுத்தாயிற்று, கேக் வெட்டியாயிற்று, ஓய்வுபெறும் காசாளர் கைக்குட்டையைத் தேடுகிறார். அந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் மைக்கைத் தட்டுகிறார். "இதுக்கு நம்ம பாஷைல வார்த்தை பத்தாது. ஃபிரெஞ்சுல ஒண்ணு இருக்கு. அதியூ." பின்வரிசைக்காரர்கள் வசதியாகச் சாய்ந்துகொள்கிறார்கள். இனி லேசில் முடியாது.

'தியூ' என்றால் கடவுள், 'ஆ' என்றால் கடவுளிடம் என்பதில் வருகிற 'இடம்'. உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று ஒரு காலத்தில் முழு வாக்கியமாகச் சொல்வார்களாம். போகப் போக மற்றதெல்லாம் உதிர்ந்து இந்த இரண்டும் மட்டும் ஒட்டிக்கொண்டதாம். நாளைக்குப் பார்க்கப்போகிறவனிடம் சொல்லக்கூடாதாம், இனிப் பார்க்கவே மாட்டோம் என்கிறவனுக்குத்தானாம். மனிதருக்கு ஃபிரெஞ்சில் இன்னொரு சொல் தெரியாது. இந்த ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். அலுவலகத்தில் அவர் பெயரே அதியூ சார்தான்.

இதய அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்த ஸ்டோர் கீப்பரைப் பார்க்கப் போன இடத்திலாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? கட்டிலருகே நின்று சொல்லையும் சொல்லி, விளக்கமும் கொடுத்தார். ஸ்டோர் கீப்பரின் மனைவி, சார் வாங்கி வந்த ஆரஞ்சுப் பையை அவர் கையிலேயே திணித்தார். "நீங்க ஒண்ணும் ஒப்படைக்க வேணாம் சார். நாங்க டாக்டர்கிட்ட ஒப்படைச்சாச்சு."

ஸ்டோர் கீப்பர் நல்லபடியாகத் திரும்பிவிட்டார். சார் நிற்கும் லிஃப்டில் மட்டும் ஏறமாட்டார்.

நான் குடியிருப்பது சாரின் எதிர்வீடு. அவருக்கு ஒரே மகள். அவள் தனக்குப் பிடித்தவனைச் சொன்னபோது, "அவனா நானான்னு முடிவு பண்ணிக்கோ" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், முடிவு பண்ணிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சி வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நானும் பால்கனியில் நின்றேன், பொய் சொல்வானேன். சார் விறைப்பாக வாசலில் நின்றார். பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"அதியூ, அப்பா."

அநியாயம், அவருக்கு முதலில் உச்சரிப்பைத் திருத்தத்தான் வாய் வந்தது. "யூ இல்லம்மா, உதட்டைக் குவிச்சு..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார்.

"அப்படிச் சொல்லாதம்மா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"அர்த்தம் தெரிஞ்சுதாம்ப்பா சொன்னேன்."

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சார் வீட்டுச் செருப்போடு வண்டியைச் சுற்றி ஓடினார். மறுபக்கக் கதவைத் திறந்து, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.