பந்தைச் சுற்றி ஐந்து பொத்தான்

மற்ற கம்ப்யூட்டர்காரர்களின் தப்பு திரையில் தெரியும். எங்கள் தொழிலில் அது வாடிக்கையாளரின் கட்டைவிரலில் தெரியும்.

சர்க்யூட் முதல் வெளிக்கூடு வரை எல்லா வரைபடத்தையும் ஊருக்கே திறந்துவைத்து, 'வேண்டியபடி மாற்றிக்கொள்' என்று விற்கிற லேப்டாப்கள் உண்டு. அதில் டச்பேடுக்குப் பதில் ஒரு சின்னப் பந்து, சுற்றி ஐந்து பொத்தான். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது உள்ளே ஒரு சிப்பில் எழுதியிருக்கும். அதை அழித்து, கேட்டபடி எழுதித் தருவது என் பிழைப்பு. கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் என் போன் ஓய்வதில்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் வந்த சந்தேகம்

கருமத்தம்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு தறிப்பட்டறை முதலாளி. "ஏனுங்க, என்ன தொழில் பண்றீங்க?" என்றார். "லேப்டாப்புக்குப் பட்டன் மாத்தறதுங்க." தன் சட்டைப் பொத்தானைத் தடவியபடி ரெண்டு ஸ்டாப் வரை யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுதான் மூடியோட வருதுங்களே, பட்டன் எதுக்குங்க?"

இடது வலது

சென்னிமலையில் பெட்ஷீட் டிசைன் போடும் சாந்தாமணி அக்காவுக்கு இடதுகைப் பழக்கம். பொத்தான்களை இடம் வலமாக மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே அவர் வீட்டுக்காரர் போனில் புகார். கிரிக்கெட் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எதைத் தொட்டாலும் மெனு விரிகிறதாம்.

"ரெண்டு பேருக்கும் ஒத்துவர்ற மாதிரி மாத்தித் தாரேனுங்க" என்றேன். அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டார். "அய்யோ, அப்படியே உட்டுருங்க தம்பி. கல்யாணமானதுல இருந்து இப்பத்தானுங்க எனக்குன்னு ஒரு சாமான் தனியா இருக்குது!"

பல்லடத்துக்காரர்

கோழிப்பண்ணை வைத்திருக்கும் இவர் ஐந்து பொத்தானுக்கும் ஒரே வேலையைக் கேட்டார். எதை அழுத்தினாலும் சாதாரண கிளிக். அப்படிச் செய்தால் மற்ற வசதியெல்லாம் போய்விடுமே என்று எவ்வளவோ சொன்னேன். "கோழி எங்க கொத்துனாலும் தீவனந்தானுங்க வரோணும்" என்று முடித்துவிட்டார்.

கட்டைவிரல்

கோட்டைமேட்டு அன்வர் பாய் நகைகளுக்கு டிசைன் வரைபவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கட்டைவிரலின் பிடிமானம் போய்விட்டது. கோடு இழுக்கப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவருக்குப் பாதி வளைவிலேயே விரல் நழுவிவிடும். இடது கையும் படியவில்லை. வரைவதையே விட்டுவிடலாம் என்று இருந்தார். ஒரு தட்டுத் தட்டினால் பொத்தான் அழுந்தியபடியே நிற்கவும், மறுதட்டில் விடுபடவும் எழுதிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாண ஆரத்தின் படம் பட்டறைக்குப் போயாக வேண்டும். அவர் மேசையிலேயே லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, எழுதியதைச் சிப்பில் ஏற்றினேன். பந்து செத்துப்போனது. எப்படி உருட்டினாலும் திரையில் அம்புக்குறி அசையவில்லை. பாயின் மனைவி மும்தாஜ் டீயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நல்லவேளை, கீபோர்டுக்குத் தனிச் சிப். அதை வைத்தே தட்டித் தேடினேன். அவசரத்தில் வேறு மாடலுக்கான ஃபைலை ஏற்றியிருக்கிறேன்! சரியானதை ஏற்றிவிட்டு, "உருட்டிப் பாருங்க பாய்" என்றேன்.

ஒரு தட்டு. பந்து மெதுவாக உருண்டது. ஆரத்தின் வளைவு ஒரே மூச்சில் கழுத்திலிருந்து பதக்கம் வரை இறங்கி மறுபக்கம் ஏறியது. மறுதட்டு. பாய் கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார்: "மும்தாஜ், இங்க வந்து பாரு, கோடு அறுந்து போகலை!"

மொத்தத்தில், எல்லாம் மூடியபின் கையில் ஒரு திருகாணி மிஞ்சி நின்றாலும், வாசல்வரை வந்து வழியனுப்பி வைக்க ஆளிருக்கிற தொழில் இது.