விளக்கு வைத்த பிறகு தண்ணீர்

'அந்தக் காலத்து மெட்ராஸ் எவ்வளவு சுத்தம்!' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பதுகளில் நாங்கள் குடியிருந்த ராயபுரத்துச் சந்தின் கக்கூஸுக்குள் அவர்களை ஒரே ஒரு நிமிஷம் நிற்க வைக்க வேண்டும்.

சந்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். கதவு கிடையாது, கோணி தொங்கும். உள்ளே இரண்டு செங்கல், கீழே ஒரு தகர வாளி. வாளி எடுக்க ஆள் வராத நாளில் வழிந்து செங்கல் வரைக்கும் வந்துவிடும். மழை பெய்தால் புழுக்கள் நெளிந்து நெளிந்து எங்கள் வாசற்படி ஏறும். சீ! எழுதும்போதே குமட்டுகிறது. இருட்டிவிட்டால் இன்னொரு தொல்லை, கோணிக்கு வெளியே குடிகாரர்கள் நின்று பீடி பிடிப்பார்கள்.

அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் எனக்கும் அவளுக்கும் தண்ணீர் கிடையாது. சித்திரை மாசத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் பானைப் பக்கம் நகர்ந்தாலே, "சொம்ப தொட்டே, கைய ஒடிச்சிடுவேன். ராவுல எய்ந்து எங்கடி போவே?" என்பாள். அப்பாவும் அண்ணனும் எங்கள் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடிப்பார்கள். அவர்களுக்கென்ன, ரயில்வே சுவர் இருந்தது. அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். அப்போதும் குடிக்க மாட்டாள்.

இன்றைக்கும் இந்தப் பக்கம் ஒன்றும் பூந்தோட்டம் இல்லை. எண்ணூர்க் காற்று தொண்டையைக் கரிக்கிறது. சாக்கடை அதே கலீஜ்தான். ஆனால் திருவொற்றியூரில் இப்போது நான் இருக்கும் வீட்டில் கக்கூஸுக்குக் கதவு இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அது ஒன்றுக்காகவே பழைய காலத்தை நான் காறித் துப்புவேன்.

அம்மா கடைசியாகப் படுத்ததும் இந்த வீட்டில்தான். அதே நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சலாகிவிட்டிருந்தது. தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார் டாக்டர். கட்டிலிலிருந்து கை நீட்டினால் கக்கூஸ் கதவு. ஒரு சாயங்காலம் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"வெளக்கு வச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லமா, இன்னும் வெக்கல. குடி" என்றேன்.

தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.