இரண்டாம் முறை கேட்காதவர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவர் மேனேஜர். திருநெல்வேலிக்காரர். பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு பனியன் போடமாட்டார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். எதையும் ஒரு தடவைதான் கேட்பார்.

சட்டம் படிக்க எனக்கு மெட்ராஸிலும் மதுரையிலும் இடம் கிடைத்திருந்தது. மெட்ராஸ் செலவு எங்களுக்குக் கட்டாது. கம்பெனிக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று, மதுரை என்றால் முதலாளியே படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். முடித்ததும் கம்பெனியிலேயே வேலை. மதுரை என்று முடிவு செய்துகொண்டுதான் மேனேஜரைப் பார்க்கப் போனேன்.

"டீ குடிக்கீரா?" என்றார்.

"வேண்டாங்க."

அவர் மட்டும் குடித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மதுரைன்னா மூணு வருசமும் முதலாளி பாத்துக்கிடுவாரு. சம்மதந்தானா?"

"அதெல்லாம் எதுக்குங்க, உங்களுக்குச் சிரமம்" என்றேன். எங்கள் பக்கத்தில் முதல் தடவை அப்படித்தான் சொல்வோம். மறுபடியும் கேட்பார்கள். அப்போது தலையாட்டுவோம்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்ட்டயும் கைநீட்ட மாட்டீரு. நல்லா இரும்வே."

அந்த மரியாதைக்குப் பிறகு, வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இருந்த இரண்டு தறிகளில் ஒன்றை விற்று அப்பா என்னை மதுரைக்கு அனுப்பினார்.

லீவில் ஊருக்கு வரும்போது கம்பெனி வாசலில் என்னைக் கண்டால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "முதலாளி காசு வேண்டாம்னு சொன்ன ஆளு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டுவார். நான் தலைகுனிந்து நிற்பேன்.

அதையும் அவர் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.