என் கடையும் அவர் சம்பானும்

படகு வாங்க ஆசைப்படும் ஆண்பிள்ளை யாராவது இதைப் படித்தால், முதலில் பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வாங்கிய பிறகு சொன்னார், அதுவும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே.

அப்போது நாங்கள் பினாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அவர் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலை. நான் ஏழு ஆண்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் குடும்பத்தை இந்தியாவில் விட்டுவிட்டு இங்கே கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்த்தவர்கள். காலையில் ஏழு பேர், மத்தியானம் ஏழு தூக்குச் சட்டி, சாயங்காலம் மறுபடி அதே ஏழு பேர். தண்ணீர் கீழே கொல்லைக் குழாயில்தான் வரும். அதைக் குடம் குடமாக இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறியவள் நான். ஒன்பது வருஷம் ஏறினேன்.

எங்களுக்குக் கீழே இருந்த கடை காலியாகப்போகிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். அவர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், ஜவுளி வியாபாரி. என் மீன் குழம்பின் வாசனை அவர் கடை வரைக்கும் போகுமாம். "நீயே எடுத்துக்க தங்கச்சி, முன்பணம் மட்டும் கட்டிடு, வாடகையப் பாத்துப் போட்டுக்கலாம்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கீழே வந்துவிட்டால் படி ஏற வேண்டாம். குழாய் கைக்கெட்டும். ஏழு பேர் முப்பது பேராவார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் சேர்த்த பணம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது, முன்பணத்துக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டு மாதம் பொறுத்தால் முடிந்தது.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"சம்பான் ஒண்ணு வாங்கிட்டேன் லா. நல்ல கட்டை. அந்தச் சீனன் ஊருக்குப் போறான், அவசரத்துல கொடுத்துட்டான்."

"எந்தக் காசுல வாங்கினீங்க?"

"டின்னுல இருந்ததுலதான். வேற எங்க இருக்கு நமக்கு?"

அந்த 'நமக்கு' என்ற வார்த்தைக்காகவே அவரைப் படியிலிருந்து தள்ளியிருக்கலாம். சேர்க்கும்போது ஒருநாளும் அது எங்கள் இருவருடையதாக இருந்ததில்லை. அவர் நியாயமெல்லாம் வரிசையாக வைத்திருந்தார். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் என் அக்கா இருந்தாள். இனி நினைத்த நேரம் அவளைப் போய்ப் பார்க்கலாமாம். மற்ற நாளில் சம்பானை வாடகைக்கு விடலாமாம். அக்கா வீட்டுக்குப் போக நீராவிப் படகு ஓடிக்கொண்டுதான் இருந்தது, சில்லறைதான் கூலி. நான் அதைச் சொன்னபோது, "அதுல நாம நெனச்ச எடத்துல நிப்பாட்ட முடியுமா?" என்று கேட்டார். கடல் நடுவில் நிறுத்திவிட்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன்.

மறுநாள் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். படகுத்துறையின் ஓரத்தில், சேற்றில் பாதி ஏறிக் கிடந்தது. முன்பக்கம் இரண்டு புறமும் பெரிய கண்களை வரைந்திருந்தார்கள். வெள்ளை விழி, கறுப்புப் பாவை. சீனர் படகுகளில் அப்படி இருக்கும் என்று தூரத்தில் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் பார்த்தபோது அது என்னையே முறைத்தது.

"இந்தக் கண்ண அழிச்சிடுங்க" என்றேன்.

"அழகாத்தானே இருக்கு?"

நம் கோயிலில் சிலைக்குக் கண் திறந்துவிட்டால் அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அதைப் பட்டினி போடக்கூடாது. தினமும் விளக்கு, தினமும் படையல். இதற்கு யார் எந்தப் பூசை செய்து கண் திறந்தார்களோ தெரியாது. திறந்தது திறந்ததுதான். ஏழு வாய்க்கு ஆக்கிப் போட்டே என் இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. எட்டாவதாக ஒரு மரக்கட்டைக்கும் நான் படைக்க வேண்டுமா? இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவரும் அந்த விஷயத்தில் என்னைவிடப் பயந்தவர். அந்த வாரமே கறுப்புச் சாயமும் வெள்ளைச் சாயமும் வாங்கி, இரண்டு கண்ணையும் கறுப்பால் பூசி மறைத்து, அதன்மேல் வெள்ளையால் மூன்று பட்டைத் திருநீறு போலவே கோடு இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தச் சீனரும் அதைத் தொடவில்லை. வாடகைக்கு எடுக்க வந்த சம்பான்காரர் முன்பக்கத்தைப் பார்த்தார், "சம்பான் பூத்தா" என்றார், திரும்பிப் போய்விட்டார். மலாயில் பூத்தா என்றால் குருடு. கண் இல்லாத படகு எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது, அதில் ஏறுபவன் செத்தான் என்பது அவர்கள் கணக்கு. பலகை இடுக்கில் நாரும் சுண்ணாம்பும் வைத்து அடைக்கிற தச்சரும் அப்படியே கை விரித்தார். கண்ணை மறுபடி வரையலாம்; ஆனால் நல்ல நாள் பார்த்து, சிவப்புத் துணி கட்டி, கோழி படைத்து, அதற்கென்று உள்ளவரைக் கொண்டு வரைய வேண்டும் என்றார். வீட்டுக்காரர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். "கோழி வேற கேக்குதா அதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அழிக்கச் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவரும் ஒருநாள்கூட "நீதானே அழிக்கச் சொன்ன" என்று சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

அதனால் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவரே துடுப்புப் போட்டார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கொப்புளக் கையோடு போய்ப் பேரேட்டில் மையைக் கொட்டி, துரையிடம் வசை வாங்கினார். அவரே பிசினை எண்ணெயில் காய்ச்சி, அதை என் அடுப்பில், என் சட்டியில் காய்ச்சி, பலகை இடுக்கில் அப்பினார். அந்தச் சட்டியில் பிறகு எதைச் சமைத்தாலும் பிசின் நாற்றம். கயிறு களவு போனது. புதுக் கயிறு வாங்கினார். நங்கூரம் சேற்றில் சிக்கி அறுந்தது, அதற்கு ஒன்று. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதக் கூலி, நம்பர் பலகைக்கு வருஷக் கட்டணம். கீழ்க்கடையை ஜவுளிக்காரர் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு விட்டுவிட்டார். தினமும் குடத்தோடு அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் படி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் அந்தச் சம்பானைத் திட்டினேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று மெஸ் ஆட்கள் எல்லாரும் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று அவர் என்னைக் கூப்பிட்டார். அக்காவுக்காகப் புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கட்டிக்கொண்டு, தலைவிதி என்று ஏறி உட்கார்ந்தேன். பாதி தூரத்தில் நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கொண்டு போனது. அவர் மூச்சுவாங்கத் துடுப்புப் போட்டும் பாகான் டாலாம் விலகிக்கொண்டே போனது. கடைசியில் அக்கரைப் பக்கம் ஆழமில்லாத ஓர் இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, "தண்ணி திரும்பட்டும், அப்பறம் போவோம்" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். நான் அவரைத் திட்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் திட்டுவதற்கு எதுவும் தீர்ந்துவிட்டது.

அங்கே யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அடுப்பு இல்லை, குடம் இல்லை. எதிரே பினாங்கு முழுவதும் தெரிந்தது. மலையில் மேகம் படிந்திருந்தது. நான் ஏறி இறங்கிய தெரு அதில் எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. அவர் மூட்டையை அவிழ்த்து, இலையை விரித்து, புளிச்சோற்றை எடுத்து வைத்து, நெத்திலியை ஓரத்தில் வைத்து என் பக்கம் தள்ளினார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்திருக்க இன்னொருவர் எனக்குச் சோறு எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. நான் சமைத்த சோறு இவ்வளவு ருசி என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது என் முகத்துக்கு மேல் குடை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பும்போது அந்தக் கை துடுப்பில் நடுங்கியது. அக்கா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை.

நான் சந்தோஷமாக இருந்தேன். என் சேமிப்பை முழுங்கிய அந்தப் பாழாய்ப்போன கட்டையில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாக இருந்தேன். அந்தக் கோபம் வேறு எனக்கு.

மழைக்காலம் முடிந்து படகைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்பலகையில் புழு ஏறியிருந்தது. விரலால் அமுக்கினால் ரொட்டி போல உதிர்ந்தது. இரண்டு பலகை மாற்ற வேண்டும், சீனத் தச்சர் தொடமாட்டார். அதே மாதத்தில் சைக்கிள் கடைக்காரர் வியாபாரம் படியாமல் கடையைக் காலி செய்தார். ஜவுளிக்காரர் மாடி ஏறி வந்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்காக வைத்திருப்பதாகவும் அதற்கு மேல் முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். டின்னில் பழையபடி கொஞ்சம் சேர்ந்திருந்தது. சம்பானைக் கிடந்தபடியே விற்றால் மீதி வந்துவிடும். பலகைக்குப் பணம் போட்டால் கடை போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

புதன்கிழமை மத்தியானம் நான் தூக்குச் சட்டிகளில் சோறு அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் வந்து அடுப்படி வாசலில் நின்றார். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"ஆள் பாத்துட்டேன், மலாய்க்காரர் ஒருத்தர். கேட்ட வெலைக்குக் கொடுத்துடறேன். கடைய எடுத்துக்க" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அன்னைக்கு அந்தக் கரையோரம் ஒதுங்கிக் கெடந்தமே, அன்னைக்கு ஒனக்குச் சந்தோசமா இருந்துச்சா? இருந்துச்சுன்னா சொல்லு. எப்படியாவது கடன ஒடன வாங்கி வச்சுக்கலாம்."

அவர் ஆசையாகக் கேட்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. என் வாயாலேயே என் கடையைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. அகப்பையைச் சட்டியில் தட்டினேன்.

"வெயில்ல காஞ்சு கெடந்ததுல என்னா சந்தோசம்? எப்படா கரையேறுவோம்னு இருந்துச்சு."

"அப்படியா. ஒனக்கும் புடிச்சிருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு இரண்டு தூக்குச் சட்டிகளை அவரே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கடை கிடைத்தது. நினைத்தபடியே முப்பது பேர் வந்தார்கள், பிறகு அதற்கு மேலும் வந்தார்கள். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பூட்டும் சாவியும் என் கைக்கு வந்த பிறகு அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பதினாறு வருஷம் தினமும் என் கடையில், என் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாம் ஒருவர் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தோம் என்று நம்பிக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார்.